நிறுத்தச் சொல்லும் வேலை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.சி.யு. மருந்தாளுநர் வேலை பார்ப்பவளுக்கு நண்பர்கள் குறைவு. காலை ரவுண்ட்ஸில் எல்லோரும் எதையாவது சேர்க்கச் சொல்லும்போது, நான் ஒருத்திதான் "இது இன்னும் எதுக்கு?" என்று கேட்பேன்.

ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்குவதில் சண்டையே கிடையாது. தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழும் செப்டிக் ஷாக்கில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போயாக வேண்டும். அதற்கு முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தாயிற்றா என்று மட்டும் பார்ப்பேன். எடுக்காமல் மெரோபெனம் மாதிரி வலுவான ஆன்டிபயாட்டிக்கை ஏற்றிவிட்டால், எந்தக் கிருமி என்று பல சமயம் கடைசிவரை தெரியாது. தெரியாத இடத்தில் மருந்தைக் குறைக்க யாருக்கும் துணிச்சல் வராது.

சிக்கல் மூன்றாம் நாள்தான். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை, காய்ச்சலும் இறங்கிவிட்டது. மருந்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வென்டிலேட்டர் நிமோனியாவுக்குப் பொதுவாக 15 நாள் தேவையில்லை, 8 நாளே போதும் என்று பிரான்சில் 2003லேயே ஆய்வு செய்து காட்டிவிட்டார்கள் (சூடோமோனாஸ் என்ற கிருமி மட்டும் திரும்ப வந்து தொல்லை கொடுக்கும், அது தனிக்கதை). ஆனாலும் "நல்லாத்தானே இருக்கார், ஏன் கை வைக்கணும்?" என்பார்கள். மெரோபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா கிருமி எங்கள் ஊருக்குப் புதிதல்ல. அது பக்கத்துப் படுக்கைக்குத் தொற்றினால், கையில் மிஞ்சுவது கொலிஸ்டின் மாதிரி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்துகள்தான்.

டாக்டர்களைவிடக் குடும்பத்தாரிடம் பேசுவது கடினம். மெர்பேங்க்கிலிருந்து வந்த ஒரு ஆயா, மகன் ஆங்கிலத்தில் சொன்னதை ஒதுக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, மருந்த நிறுத்துறீங்கன்னா கைய விரிச்சுட்டீங்களா?"

"இல்ல ஆயா. தாத்தாவுக்கு நெஞ்சுச்சளி சரியாயிடுச்சு. இனி குடுத்தா வயித்துல இருக்கிற நல்ல கிருமிதான் சாகும், வயித்தால போக ஆரம்பிச்சுடும்."

வயிற்றுப்போக்கு என்றதும் சட்டென்று புரிந்துகொண்டார். மருந்துக்குக் கிருமி காட்டும் எதிர்ப்புத்திறன் பற்றி நான் படித்துவைத்திருந்ததெல்லாம் அங்கே செல்லாக்காசு.

இதற்கெல்லாம் தொற்றுநோய் நிபுணர் வேண்டும் என்பது பாதி சாக்கு. இந்த நாட்டின் 47 தனியார் மருத்துவமனைகளில் அந்தத் தனிப்பயிற்சி இல்லாத மருந்தாளுநர்களே இதைச் செய்து பார்த்தார்கள். கல்ச்சர் எடுத்தார்களா, 7 நாள் தாண்டியதா, 14 நாள் தாண்டியதா, ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் ஓடுகிறதா, ஒரே கிருமிக்கு இரண்டு மருந்தா என்ற சில்லறைக் கேள்விகள்தான். 100 நோயாளி நாட்களுக்கு 101 தினசரி அளவாக (ஒருவருக்கு ஒரு நாளைக்கு வழக்கமாகத் தரும் அளவு) இருந்த ஆன்டிபயாட்டிக் பயன்பாடு 83க்கு இறங்கியது. 2016இல் அது வெளியானபோது, எங்கள் மருந்தறையில் அன்று முழுக்க இதே பேச்சு.

அவர்கள் கணக்கில் வராத ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எந்த மருந்தும் நிற்காது. வாரக்கடைசி டூட்டி டாக்டருக்கு நோயாளியைத் தெரியாது, யாரோ எழுதியதை அடிக்க மனம் வராது. அதனால் வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸிலேயே நிறுத்தும் தேதியை எழுதி, சீனியரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். ஒரு சர்ஜன் மட்டும் மசியவில்லை. அறுவைக்குப் பின் நீர் வடிய வைக்கும் குழாய் உள்ளே இருக்கும்வரை ஆன்டிபயாட்டிக் ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. திங்கட்கிழமை மறுபடியும் கேட்கிறேன்.