பசலியோடு 590-ஐக் கூட்டணும்

போன வாரம் அண்ணன் போன் செய்தார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறுதான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "பி.காம். போட்டாலாவது ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல உட்காரலாம். ஹிஸ்டரி படிச்சா சோறு போடுமா? நீ சொன்னா கேப்பா, கொஞ்சம் சொல்லு" என்றார்.

எனக்குச் சோறு போடுவதே அதுதான். அன்று போனில் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

செங்கல்பட்டில் ஒரு வக்கீல் ஆபீசில் சொத்துப் பத்திரங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. பதினாறு வருடமாகிறது. முதலில் உள்ளே சேர்த்துவிட்டது டைப்ரைட்டிங் ஹையர். பெட்டிஷன் அடித்துக் கொடுக்கத்தான் போனேன். ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் சீனியர் பழைய அடங்கல் (கிராமத்துச் சாகுபடிக் கணக்கு) நகல் ஒன்றை நீட்டி, "இது எந்த வருஷம்மா?" என்றார். பசலி 1362 என்றிருந்தது. 590-ஐக் கூட்டினால் 1952. ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு. முகலாயர் காலத்து அறுவடைக் கணக்கு இன்னும் நம் தாலுகா ஆபீஸ் காகிதங்களில் ஓடுகிறது. அன்றிலிருந்து பழைய கட்டெல்லாம் என் மேஜைக்கு வரத் தொடங்கியது.

ஒரு நிலத்தின் பழைய ஆவணம் எந்த ஊரில் கிடக்கும் என்பதே பாதி வேலை. 1997-ல் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து மறுபடியும் செங்கல்பட்டு தனியாக வந்தது. இது தெரியாதவர்கள் நாள்கணக்கில் அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு, ரிட்டையர் ஆன ஒரு தம்பதி மனை வாங்க வந்தார்கள். பி.எஃப். பணம் முழுவதையும் அதில் போட இருந்தார்கள். முப்பது வருட வில்லங்கச் சான்று சுத்தம். பட்டா விற்பவர் பேரில். நான் பழைய 'அ' பதிவேட்டின், அதாவது ஊர் நிலங்களுக்கெல்லாம் அரசு வைத்திருக்கும் பதிவேட்டின், நகலையும் வாங்கிவரச் சொன்னேன். அந்த சர்வே எண்ணுக்கு எதிரே, குறிப்புக் கலத்தில் 'டி.சி.' என்று இரண்டே எழுத்து. 1980-களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதிய புதிய பதிவேட்டில் அது இல்லை. ஜூனியர் வக்கீல் தம்பி, "டிஸ்ட்ரிக்ட் கலெக்டரா இருக்கும், அக்கா" என்றார்.

எனக்குக் கை சில்லிட்டது. டிப்ரஸ்ட் கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பு. பஞ்சமி நிலம். 1891-ல் செங்கல்பட்டு மாவட்ட கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், இங்கிருந்த பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. முதல் பத்து வருடம் விற்கவே கூடாது. அதன்பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம். அந்த நிலத்தை மீட்கக் கேட்டுத்தான் 1994-ல் காரணை கிராமத்துப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். இத்தனையும் நான் கல்லூரியில் படித்தது. அப்போது பத்து மார்க் கேள்வி.

அந்தத் தம்பதி விலகிக்கொண்டார்கள். ஆபீசைப் பொறுத்தவரை அதோடு கட்டு முடிந்தது. எனக்கு முடியவில்லை. எங்கள் பேராசிரியர் எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: இதை எழுதியவர் யார், எதை எழுதாமல் விட்டார்? மூன்றாம் வருடம் ஊர் வரலாறு எழுத எங்களைத் திண்ணை திண்ணையாக அனுப்பியவரும் அவர்தான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, வருஷம் கேட்கக் கூடாது, எந்தப் புயலுக்கு முன்னால் என்று கேட்க வேண்டும் என்பார்.

சீனியரிடம் சொல்லிவிட்டு அந்த ஊர்க் காலனிக்குப் போனேன். எண்பது வயதிருக்கும் ஒரு அம்மா, ஃபென்சிங் போட்டு மனை பிரித்திருந்த அந்த இடத்தை இன்னமும் "எங்க மாமனார் கழனி" என்றுதான் சொன்னார். "மழை பொய்ச்ச வருஷம், ரெண்டு மூட்டை கேவுருக்கு வச்சாரு. அப்புறம் கழனிப் பக்கமே வுடல, கண்ணு" என்றார். மூன்றாவது முறை போனபோது தகரப் பெட்டியைத் திறந்தார். அவருடைய மாமனார் பேரில் வரி கட்டிய ரசீது, மடிப்பில் கிழிந்து, துணியில் சுற்றியிருந்தது. அதிலிருந்த பழைய சர்வே எண்ணும் பதிவேட்டு எண்ணும் ஒன்றுதான்.

மனு போட்டிருக்கிறோம். சீனியர் ஃபீஸ் வாங்கவில்லை. விசாரணை நடக்கிறது, மெதுவாக.

அண்ணனிடம் சொன்னேன்: வரலாறு படிக்கட்டும், கூடவே டைப்ரைட்டிங்கும் கம்ப்யூட்டரும் படிக்கட்டும், வேலைக்குள் நுழைய ஒரு கதவு வேண்டும், முதல் இரண்டு வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். அவர் பதில் சொல்வதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அத்தை, அந்த ரசீது எந்த வருஷத்துது?"

"பசலி 1341."

மறுமுனையில் சத்தமில்லை. கூட்டிக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. காத்திருந்தேன்.