சாளைத் திண்ணையில் ரை விஸ்கி

டிசம்பர் 21, 2024

மச்சான் அமெரிக்காவிலிருந்து கோபிசெட்டிபாளையம் வந்து சேர்ந்தார். பெட்டியில் எனக்கென்று ஒரு பாட்டில்: பென்சில்வேனியாவில் ஏதோ ஒரு சின்ன வடிசாலையின் ரை விஸ்கி. "ரைன்னா நம்ம கம்புங்களா மாப்பிள்ளை?" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லையாம். கோதுமைக்குப் பங்காளி முறை, குளிர் தேசத்துப் பயிர். அப்பாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது, படுக்கப் போய்விட்டார்.

டிசம்பர் 22

நேற்று ராத்திரி அவசரப்பட்டு ஐஸ், சோடா, பக்கத்தில் பள்ளிபாளையம் சிக்கன். மிளகாய்க் காரத்தில் விஸ்கி இருந்த இடமே தெரியவில்லை. போதை மட்டும் தெரிந்தது. நம்மூர் சரக்கில் ஆல்கஹால் 42.8 சதவீதம், இதில் 50.

டிசம்பர் 24

இன்று தோட்டத்து வீடான சாளையில், வெறும் வயிற்றிலும் இல்லாமல் வயிறு முட்டவும் இல்லாமல். சின்னக் கண்ணாடி டம்ளரில் ஒரு விரற்கடை ஊற்றிப் பத்து நிமிடம் தொடவேயில்லை. மார்கழிக் குளிரில் மூக்கு நன்றாக வேலை செய்தது. முதலில் காய்ச்சிய வெல்லப்பாகு. உள்பக்கம் கரித்த புது ஓக் பீப்பாய் தருவது அது. அதற்கடியில்தான் தானியம்: இடித்த மிளகு, கசக்கிய புதினா, கொஞ்சம் ஓமம். நாக்கில் வைத்ததும் மிளகு முன்னால் வந்து நின்றது. அரை ஸ்பூன் தண்ணீர் விட்டதும் எரிச்சல் அடங்கி, ரொட்டி சுட்ட வாசம் மேலே வந்தது.

அமெரிக்கச் சட்டப்படி தானியத்தில் 51 சதவீதம் ரை இருந்தாலே அந்தப் பெயர் போடலாம். இதில் 80 என்று லேபிள் சொல்கிறது. ரை அதிகமானால் ஊறல் களி மாதிரி ஒட்டும், நுரைத்துப் பொங்கும் என்றார் மச்சான். கம்மங்களி கிண்டிய வீட்டில் அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

குறையும் உண்டு. இரண்டே வருடச் சரக்கு, அதுவும் சின்னப் பீப்பாய். கடைசியில் பச்சை மர வாடை, ஆசாரி கதவு இழைத்த இடத்தில் நின்றது போல. இன்னும் இரண்டு வருடம் விட்டுவைத்திருக்கலாம். இருந்தும் இரண்டாவது ஊற்றினேன்.

டிசம்பர் 25

டம்ளரைக் கழுவாமல் திண்ணையிலேயே விட்டுவிட்டேன். காலையில் அம்மா அதை மோந்து பார்த்தபடி, "ஏஞ்சாமி, இதுல கருப்பட்டிக் காப்பியா குடிச்சீங்க?" என்றார். மச்சான் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாங்கிப் போய்க் கழுவி வைத்தேன்.