காயில் இருந்தால்தான் பழத்தில் வரும்

பழுக்க வைக்கும் அறைகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பெரும்பாலும் வாழையும் மாங்காயும் வரும். அவ்வப்போது பப்பாளி, அவகேடோ. என் தொழிலைக் கேட்டதும் பலர் முகம் சுளித்துக்கொண்டு, "கேஸ் விட்டுத்தானே பழுக்க வைக்கிறீர்கள்?" என்பார்கள். ஆமாம், கேஸ்தான். அதன் பெயர் எத்திலீன். அதைப் பற்றி எத்தனை முறை விளக்கவும் நான் தயார். ஆனால் அந்தக் காய் அறைக்குள் வரும்போது எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பழத்தின் ருசியில் பெரும்பங்கு அதற்குள் முடிவாகிவிட்டிருக்கும்.

வாழையை எடுத்துக்கொள்வோம். முற்றிய பச்சைக் காயின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுத்து முடியும்போது அது ஒன்றிரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிடும். மீதியில் பெரும்பகுதி சர்க்கரையாகியிருக்கும். அந்த மாவுச்சத்து முழுக்க இலைகள் உழைத்து அனுப்பியது. தாரை வெட்டியதும் வரத்து நின்றுவிடும். அப்புறம் காய் தன்னிடம் இருப்பதை உருமாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். மாங்காயும் இப்படியே. முற்றாத மாங்காயை எத்திலீனில் வைத்தால் அதுவும் நிறம் மாறும், இளகும். வெட்டி வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும், மணமே வராது, இரண்டு நாளில் தோல் சுருங்கிப்போகும். கடைக்காரர் திட்டும்போது அறையைத்தான் திட்டுவார். காய் மரத்தில் இருக்க வேண்டிய கடைசி சில வாரங்களை அதற்குக் கொடுக்காமல் பறித்தது அவர் கண்ணில் படாது.

அதனால் சரக்கு இறங்கியதும் நான் முதலில் கத்தியை எடுப்பேன். வாழையில் வெளியிலிருந்தே ஓரளவு தெரிந்துவிடும்: இளங்காயின் விளிம்புகள் கூராக நிற்கும், முற்ற முற்ற அவை மழுங்கிக் காய் உருண்டு வரும். முழுக்க உருண்டுவிட்டாலும் சிக்கல்தான், வழியிலேயே பழுக்கத் தொடங்கிவிடும். தூரம் போக வேண்டிய தார்களை முக்கால் விளைச்சலில் வெட்டுவது அதனால்தான். மாங்காயில் காம்புக்கு இரண்டு பக்கமும் தோள் எழும்பி, காம்படி சற்றுக் குழிந்திருக்க வேண்டும். வெட்டினால் கொட்டையின் ஓடு கத்தியைத் தடுக்க வேண்டும். கொட்டையை ஒட்டிய சதையில் வெள்ளை மாறி லேசான மஞ்சள் வந்திருக்க வேண்டும். பப்பாளியில் நுனிப்பக்கம் ஒரு மஞ்சள் கீற்று தெரிந்தால் போதும், கீறினால் வடியும் பாலும் முன்பு போலக் கெட்டியாக இல்லாமல் நீர்த்திருக்கும்.

அவகேடோதான் கடினம். அது மரத்தில் இருக்கும்வரை இளகவே இளகாது. மாதக்கணக்கில் கல்லாகவே தொங்கிக்கொண்டு, உள்ளே எண்ணெயைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பறித்த பிறகுதான் பழுக்கும். வெளித்தோற்றம் ஒன்றும் சொல்லாது என்பதால் உலர்பொருளை அளக்கிறார்கள்: சதையைத் துருவி, எடை பார்த்து, ஈரம் முழுக்கப் போகும்வரை காயவைத்து, மறுபடி எடை பார்ப்பது. ஹாஸ் வகையில் 21 சதவீதத்தை ஒட்டி இருந்தால் பறிக்கலாம் என்பது பல தோட்டங்களில் நடைமுறை. அதற்குக் கீழே பறித்தது இளகினாலும் ரப்பர் மாதிரி இழுக்கும், தண்ணீர் ருசி அடிக்கும்.

சரி, எத்திலீனுக்கு வருவோம். இது யாரோ புதிதாகக் கண்டுபிடித்துப் பழத்தின் மேல் ஏவிவிட்ட ரசாயனம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பழம் தானே உண்டாக்கும் வாயு இது. 1901-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யுபோவ் என்ற மாணவர், ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் மேல்நோக்கி வளராமல் பக்கவாட்டில் படர்வதைக் கவனித்து, விளக்குக்கு எரித்த வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். அமெரிக்காவில் எலுமிச்சைக்கு மஞ்சள் நிறம் வரவைக்க மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் கொட்டகைகளில் வைப்பார்கள். வெப்பம்தான் வேலை செய்கிறது என்று நினைத்திருந்தார்கள். அடுப்பை எடுத்துவிட்டு வேறு விதமாகச் சூடேற்றியதும் காய் பச்சையாகவே நின்றது. புகையில் இருந்த எத்திலீன்தான் நிறத்தை மாற்றியது என்று டென்னி என்ற ஆய்வாளர் 1924-இல் காட்டினார். கடைசியாக 1934-இல் ரிச்சர்ட் கேன் என்ற ஆய்வாளர், பழுக்கும் ஆப்பிளே எத்திலீனை வெளிவிடுகிறது என்று நிரூபித்தார். ஒரு பழம் பழுத்தால் பக்கத்தில் இருப்பதும் பழுக்கிறதே, அதன் காரணம் அன்று தெளிவானது.

எல்லாப் பழமும் இதற்கு ஒரே மாதிரி மசிவதில்லை. வாழை, மா, பப்பாளி, அவகேடோ, சப்போட்டா, சீத்தா, பலா எல்லாம் பறித்த பிறகும் பழுக்கும் இனம். எத்திலீன் பட்டதும் அவற்றின் சுவாசம் திடீரென்று ஏறும், அவையே மேலும் எத்திலீன் விடும், அதன்பின் திரும்பிப் போக வழி கிடையாது. அன்னாசி, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, லிச்சி அந்த இனத்தில் சேராது. அன்னாசியை வெட்டிய பிறகு எத்தனை நாள் வைத்தாலும் இனிப்பு ஏறாது, சர்க்கரையாக மாற அதனுள் மாவுச்சத்து சேமிப்பு இல்லை. நிறம் மட்டும் மாறும். ஆரஞ்சிலும் எத்திலீன் தோலின் பச்சையத்தை நீக்குமே தவிர, சுளையின் புளிப்பை அது தொடாது. இரவும் வெப்பமாக இருக்கும் பகுதிகளில் ஆரஞ்சு பச்சைத் தோலோடேயே நன்றாகப் பழுத்திருக்கும். தோல் நிறம் மாறக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். பச்சையாக இருக்கிறது என்று அதை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

அறைக்குள் நடப்பது இதுதான். வாழைக்குப் பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு எத்திலீன், ஒரு நாள் அல்லது இரண்டு நாள். அதாவது 0.01 சதவீதம். காற்றில் 2.7 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது தீப்பிடிக்கும் நிலைக்கு வரும். நாங்கள் அதற்கு வெகு கீழே இருக்கிறோம், ஆனாலும் அறைக்குள் நெருப்பும் பொறியும் கூடவே கூடாது. இதற்கு மேல் வாயுவைக் கூட்டினால் சீக்கிரம் பழுக்கும் என்று நினைப்பது வீண். வாயு தொடக்கி வைக்கும், மற்றதெல்லாம் வெப்பநிலையின் கையில்.

அந்த வெப்பநிலையைக் காற்றில் அளந்து பயனில்லை. வெப்பமானியின் கம்பியைக் காயின் சதைக்குள் குத்தி வைக்க வேண்டும். பழுக்கும் வாழை மூச்சுவிட்டு மூச்சுவிட்டுச் சூட்டைக் கிளப்பும். அறை 16 டிகிரி காட்டும்போது அடுக்கின் நடுவில் இருக்கும் பெட்டி அதைவிடப் பல டிகிரி ஏறியிருக்கலாம். ஆகவே பெட்டிகளைச் சும்மா அடுக்கினால் போதாது, காற்று பெட்டிக்குள் புகுந்து வெளியே வரும்படி விசிறி அதை இழுக்க வேண்டும். வாழைக்கு 14 முதல் 18 டிகிரிக்குள் வைத்து, அனுப்ப வேண்டிய நாளைப் பொறுத்துக் கூட்டிக் குறைப்போம். மாங்காய்க்கு 20, 22 டிகிரி. கரியமில வாயு ஒரு சதவீதத்தைத் தாண்டினால் எத்திலீனின் வேலை மந்தமாகும், அதனால் கதவைத் திறந்து காற்றை மாற்றுவதும் கட்டாயம். தொடக்கத்தில் ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதம் வரை வேண்டும், இல்லாவிட்டால் தோல் வாடிச் சின்னச் சின்னக் கீறல்கூடக் கறுத்துத் தெரியும்.

கேவண்டிஷ் என்ற வாழை வகையில் ஒரு விசித்திரம் உண்டு. 24 டிகிரிக்கு மேல் பழுத்தால் சதை இளகும், இனிக்கும், தோலில் மட்டும் பச்சையம் முழுக்கப் போகாது. வெப்பமான ஊர்களில் அறை இல்லாமல் பழுத்த கேவண்டிஷ் பச்சையும் மஞ்சளுமாக இருப்பது இதனால். உரித்துச் சாப்பிட்டால் நல்ல பழம்தான். வேறு பல வாழை வகைகளுக்கு இந்தத் தடை இல்லை.

சூட்டைவிட எனக்குப் பயம் குளிர். பழம் கெடாமல் இருக்கக் குளிர் நல்லது என்ற பொதுவான நினைப்பு வெப்பமண்டலப் பழங்களுக்குப் பொருந்தாது. பச்சை வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் காயம்படும். முற்றிய மாங்காய்க்கும் ஏறக்குறைய அதே எல்லைதான். குளிர் தாங்காத அவற்றின் செல் சவ்வுகள் கெட்டுப்போகும். கொடுமை என்னவென்றால், குளிரில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வெளியே எடுத்துச் சூடான பிறகுதான் வாழைத்தோல் சாம்பல் படிந்த மங்கல் மஞ்சளாகும், மாங்காயில் திட்டுத்திட்டாகப் பழுத்தும் பழுக்காமலும் நிற்கும், மணம் வராது. ஒருமுறை அருமையான பச்சை நிறத்தில் ஒரு வண்டிச் சரக்கு வந்தது. ஓட்டிவந்தவர் சரக்கு பிரெஷ்ஷாக இருக்கிறது என்றார். ஒரு காயின் மேல்தோலை மெலிதாகச் சீவினேன். கீழே பழுப்புக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. வண்டியில் இருந்த வெப்பப் பதிவுக் கருவியைப் பார்த்தபோது வழியில் நெடுநேரம் 11 டிகிரியில் வந்திருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் அந்தத் தாரைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவரின் உழைப்பு, ஒரு பொத்தானைத் தவறாகத் திருகியதால் போனது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வீட்டிலும் இதே கணக்குத்தான். குளிர்ப்பெட்டி நான்கு டிகிரியை ஒட்டி இருக்கும். பழுக்காத மா, வாழை, அவகேடோ எதையும் அதற்குள் வைக்காதீர்கள். நன்றாகப் பழுத்த பிறகு மாம்பழத்தையும் அவகேடோவையும் சில நாள் வைக்கலாம். பழுத்த வாழையை வைத்தால் தோல் கறுக்கும், உள்ளே கெடாது. பழுக்க அவசரம் என்றால் ஒரு காகிதப் பையில் பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு சேர்த்து மூடி வையுங்கள். பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்ட வேண்டாம், காய்க்கு மூச்சு முட்டிப் புளித்த வாடை வந்துவிடும்.

மாம்பழத்தில் பழுத்த பிறகு வரும் கரும்புள்ளிகளைப் பற்றியும் அடிக்கடி புகார் வரும். ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் அது. பூவிலோ பிஞ்சிலோ புகுந்து, தோலின் எதிர்ப்புச் சத்து குறையும்வரை உறங்கிக் கிடக்கும். காயைப் பறித்ததும் 52 முதல் 55 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் முக்கி எடுத்தால் நன்றாகவே கட்டுப்படும்.

கார்பைடு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கால்சியம் கார்பைடு ஈரம் பட்டால் அசெட்டிலீன் வாயுவை விடும். எத்திலீனோடு ஒப்பிட்டால் அதன் வலிமை மிகக் குறைவு, நிறத்தை மாற்றும், அதற்கு மேல் உள்ளே சரியாகப் பழுக்க வைக்காது. கல்லில் கலந்திருக்கும் ஆர்சனிக், பாஸ்பரஸ் சேர்மங்களும் கூடவே வரும்; அதைக் கையாளும் தொழிலாளிதான் முதலில் அவதிப்படுவார். பல நாடுகளில் தடை செய்திருப்பது முழுக்க நியாயம். ஆனால் தடை மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. முற்றாத காயைப் பறித்து நல்ல எத்திலீன் அறையில் வைத்தாலும் விஷமில்லாத ஒரு சப்பைப் பழம்தான் கிடைக்கும்.

காயை வெட்டாமலே உலர்பொருளைக் காட்டும் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைத் தோல் வழியாகப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியை வைத்துக் கணக்கிடும்; கையில் பிடித்துக்கொண்டே மரத்தில் தொங்கும் மாங்காயில் வைத்துப் பார்க்கலாம். பறிக்கும்போது உலர்பொருள் எவ்வளவோ, பழுத்தபின் இனிப்பும் அதை ஒட்டியே இருக்கும். தோட்டக்காரருக்கு விலை பேசும்போது எடையோடும் அளவோடும் இந்த எண்ணையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பத்து நாள் கூடுதலாக மரத்தில் விட்டவருக்கு அந்தப் பத்து நாளுக்கான காசு வர வேண்டும். வராவிட்டால் அவர் ஏன் காத்திருக்கப் போகிறார்?