ஆர்.ரி. மேடையில் கூடிய சங்கம்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்குக் கல்லூரி நினைவுகள் எழுதித் தரச் சொன்னார்கள். மைதானத்தையும் ஆசிரியர்களையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் ஓடிய ஆர்.ரி. என்ற நகர ரயிலின் ஸ்காபரோ சென்ரர் நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் கனடா வந்து சேர்ந்த எங்கள் பள்ளிக்கூடப் பெடியள் பலர் ஒருவரையொருவர் திரும்பக் கண்டது அந்த நிலையத்தின் ரயில் மேடையில்தான்.

ஆர்.ரி. ஓடத் தொடங்கியது 1985 மார்ச்சில். கென்னடி, லோரன்ஸ் ஈஸ்ட், எல்ஸ்மியர், மிட்லண்ட், ஸ்காபரோ சென்ரர், மக்கோவன் என்று ஆறே நிலையங்கள்; நீளம் 6.4 கிலோமீற்றர். முதலில் ஸ்ரீட்கார் என்ற ட்ராம் வண்டி ஓடும் இலகு ரயில் பாதையாகத்தான் அதைத் திட்டமிட்டார்கள். ஒன்ராறியோ மாகாண அரசு தன் சொந்த நிறுவனம் உருவாக்கிய புதுவகை ரயிலை ஓட்டிக் காட்ட விரும்பியதால் திட்டம் இடையில் மாறியது. வன்கூவரின் முதல் ஸ்கைட்ரெயினும் இதே வகைதான். ஸ்ரீட்கார் திரும்புவதற்காகக் கென்னடியில் போட்ட வளைவுப் பாதை புது ரயிலுக்கு ஒத்துவரவில்லை. 1988இல் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அந்த ரயிலில் சில்லைச் சுழற்றும் மோட்டார் கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் நீளமாக ஓர் உலோகத் தட்டு கிடக்கும். பெட்டியின் அடியில் உள்ள மோட்டார் காந்த விசையால் அந்தத் தட்டை உந்தித்தான் ரயில் நகரும். மேடை ஓரத்தில் நின்று அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏ.எல். (உயர்தர) வகுப்புப் பௌதிகத்தில் மின்காந்தத் தூண்டலைக் கரும்பலகையில் படித்த எனக்கு, அது கண் முன்னால் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது பெரிய அதிசயம். ஆனால் பனி கொட்டி உறைந்துவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். எல்லோரும் இறங்கிப் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதுதான்.

ஸ்காபரோ சென்ரர் நிலையம் தூண்களின் மேல் உயரத்தில் நின்றது. ஒரு பக்கம் ரவுன் சென்ரர் கடைத்தொகுதி, மறுபக்கம் றேமண்ட் மொரியாமா வடிவமைத்த நகர மண்டபம். இரண்டும் 1973இல் திறந்தவை. கடையில் ஒன்றும் வாங்காவிட்டாலும் சனிக்கிழமைகளில் அங்கே போவோம். இரவு வேலை முடிந்து ஒருத்தர், ஆங்கில வகுப்பு முடிந்து இன்னொருத்தர் என்று வந்து சேர்வார்கள். ஒருநாள் மூக்குவரை ஜாக்கெட்டை இழுத்து மூடியிருந்த ஒருவர் மேடையில் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, நீர் எங்கட பள்ளிக்கூடமல்லே?" என்றார். பார்த்தால் எங்கள் சிரேஷ்ட மாணவத் தலைவர்! கல்லூரியில் அவர் வந்தால் நாங்கள் ஒதுங்கி நிற்போம். அங்கேயோ என் கையைப் பிடித்தபடி, மற்றவர்கள் எங்கே, யார் எந்த நாட்டில் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு ரயிலைப் போகவிட்டுவிட்டோம். அன்று அவர் பஸ் மாறி ஏறத் தரும் ட்ரான்ஸ்பர் துண்டு ஒன்றின் பின்புறம் எழுதிய தொலைபேசி எண்கள்தான் இந்தச் சங்கத்தின் முதல் உறுப்பினர் பட்டியல். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

2023 நவம்பரில் ஆர்.ரி.யை நிறுத்துவதாக இருந்தது. அதற்குள் ஜூலை 24 மாலை, எல்ஸ்மியருக்குத் தெற்கே கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. சிலர் காயப்பட்டார்கள், உயிரிழப்பு இல்லை. ஓகஸ்ட்டில், இனித் திறப்பதில்லை என்று அறிவித்தார்கள். முப்பத்தெட்டு வருடம் ஓடிய ஒரு பாதைக்கு ஒழுங்கான கடைசிப் பயணம்கூட வாய்க்கவில்லை என்பது எனக்கு இன்னமும் ஆறவில்லை. இப்போது அதற்குப் பதிலாக 7.8 கிலோமீற்றர் சப்வே கட்டுகிறார்கள். அதிலும் ஸ்காபரோ சென்ரர் என்று ஒரு நிலையம் வருகிறது, நிலத்துக்கு அடியில்.

அந்த மேடையில் நின்று எடுத்த படங்கள் உங்களில் சிலரிடம் நிச்சயம் இருக்கும். ஊருக்கு அனுப்புவதற்காகப் புது ஜாக்கெட்டோடு எடுத்தவை. தேடி எடுத்துச் செயலாளரிடம் கொடுங்கள். படத்தின் பின்னால் வருடத்தையும் நிற்பவர்களின் பெயரையும் எழுதிவிடுங்கள். அடுத்த மலரில் போடுவோம்.