கோடு போட்ட பத்திரிகை

இன்று காலை அம்மாவின் தகரப்பெட்டியைத் துப்புரவாக்கியபோது, அடியில் விரித்திருந்த பழைய ‘உதயன்’ ஒன்று கைக்கு வந்தது.

செய்திகளுக்கு ஊடாக நீலக் கோடுகள் ஓடின. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சான பத்திரிகை அது.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் குடாநாட்டுக்கு வருவது அரிதாகிவிட, மின்சாரமும் இல்லாத அந்நாள்களில், கிடைத்த தாளில் கிடைத்த அளவுக்கு அச்சிட்டே யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் உயிர்தரித்தன. பக்கங்கள் குறைந்தன, மரண அறிவித்தல்கள் குறையவில்லை. அம்மா இன்றும் அங்கிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார்.

1959இல் தொடங்கி 1961இல் நாளிதழான ‘ஈழநாடு’ பத்திரிகையின் அலுவலகம், பொதுநூலகம் எரிந்த அதே 1981 யூன் நாள்களில் எரிக்கப்பட்டது. நூலகத்தை நினைவுகூரும் அளவுக்கு அதனை நாம் நினைவுகூருவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. 1985இல் தொடங்கிய ‘உதயன்’ பணிமனைக்குள், 2006 மே 2 அன்று, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்தைய மாலையில், துப்பாக்கிதாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர்.

மறுநாளும் பத்திரிகை வந்தது.

அந்தத் தாளை வெயிலில் விரித்திருக்கிறேன். “உதில ஆற்றை செத்தவீடு போட்டிருக்கு?” என்று அம்மா உள்ளிருந்து கேட்கிறார்.