பாட்டு யார் பெயரில் இருக்கிறது?

சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஒலிப்பொறியாளராக இருக்கிறேன். பகலில் டப்பிங், விளம்பர வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சொந்தமாகப் பாட்டுப் போடும் பசங்கள் வருவார்கள், பெரிய ஆடியோ கம்பெனி எதுவும் பின்னால் இல்லாதவர்கள், கையில் இருக்கிற சம்பளத்தை மிச்சம் பிடித்து மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர்கள். எனக்கு மனசுக்குப் பிடித்த வேலை அதுதான்.

வந்தவுடன் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இது ஹிட்டாகுமா?" ஹிப்ஹாப் தமிழா 2011இல் யூடியூப் வழியாகவே ஊரெல்லாம் தெரிந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள், அப்படிக் கேட்பதில் தப்பில்லை. நானும் ரொம்ப நாள் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். பேஸ் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம், ஹூக், அந்த மனசில் ஒட்டுகிற வரி, முன்னாடியே வரட்டும், இப்படி.

ஒரு தம்பி வந்தான். டெலிவரி வேலை பார்த்துக்கொண்டே ராப் எழுதுகிறவன், அப்படி ஒரு குரல். பீட், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடுகிற இசை, இணையத்தில் வாங்கியது. குறைந்த விலைக்கு வாங்கினால் அது பெரும்பாலும் குத்தகைதான், அதே பீட்டை இன்னும் பத்து பேருக்கு விற்பார்கள். பாட்டு வெளியாகி நன்றாகப் பரவிக்கொண்டிருந்த நேரத்தில் யூடியூபில் உரிமைக் கோரல் வந்து நின்றது. அதே பீட்டை வாங்கிய வேறு யாரோ தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில், அதாவது ஒரே மாதிரி ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கிற யூடியூபின் ஏற்பாட்டில், ஏற்றிவிட்டார், மெஷினுக்கு இரண்டும் ஒரே பாட்டு மாதிரிக் கேட்கிறது. ரசீதைத் தேடி எடுத்து, ஆட்சேபம் எழுதி, பதில் வந்து, கோரல் நீங்குவதற்குள் பாட்டு சூடு ஆறிப்போயிற்று. பீட் எங்கே வாங்கினாய், என்ன நிபந்தனை என்று நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அதற்கப்புறம்தான் காகிதங்களைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது: பதிவான ஒலி ஒன்று, வரியும் மெட்டும் இன்னொன்று. சினிமாப் பாட்டில் பதிவின் உரிமை பெரும்பாலும் ஆடியோ கம்பெனிக்குப் போய்விடும். தனியாகச் செய்பவர்களுக்கு, பீட்டும் சொந்தமாக இருந்தால், இரண்டுமே கையில் இருக்கிறது, இதைவிடப் பெரிய முதல் கிடையாது. டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரியான சேவைகள் பாட்டை ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்குக்கு அனுப்பி, பதிவுக்கான காசை வாங்கித் தரும். வரிக்கும் மெட்டுக்கும் வரவேண்டியது வேறு வழி, அதற்கு ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராக வேண்டும். பாட்டு எழுதுபவர்களுக்கும் மெட்டுப் போடுபவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிற அமைப்பு அது, 1969இலிருந்து இருக்கிறது. என்னிடம் வருகிற பத்து பேரில் இரண்டு பேருக்குக்கூட அதன் பெயர் தெரிவதில்லை, வரவேண்டிய காசு வராமலே போகிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, ஸ்ட்ரீமிங்கை வைத்துப் பிழைக்க முடியுமா? முடியாது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில் 2024லிருந்து ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது ஓடினால்தான் பைசா கணக்கே தொடங்கும். சோறு போடுவது மேடை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது கூட்டத்தில் நின்றேன். கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக, சினிமாப் பாட்டு ஒன்றுகூட இல்லாமல், அவ்வளவு ஜனம். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் பின்னால் இருந்தது, உண்மை. தனித்து இயங்குவது என்றால் ஒற்றை ஆளாகக் கிடந்து தவிப்பது என்று அர்த்தமில்லை, அதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன். சேர்ந்து நிற்க நாலு பேர் வேண்டும், அந்த நாலு பேர் பாட்டைப் பிடுங்கிக்கொள்ளாதவர்களாக இருக்க வேண்டும்.

இப்போது என்னிடம் வருகிற ஒரு பேண்ட் இருக்கிறது, நாலு பேர். நீங்கள் பெயர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். காலேஜ் விழா, சின்ன அரங்கு, எங்கே வாசித்தாலும் முடிந்ததும் கீழே இறங்கிக் கேட்டவர்களோடு நின்று பேசுவார்கள், விருப்பப்பட்டவர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பார்கள். அதில் முந்நூறு பேர் இருந்தாலே அடுத்த நிகழ்ச்சிக்குப் பாதி அரங்கு நிறைந்துவிடுகிறது, டிஷர்ட்டும் விற்கிறது. ஆறு வருடமாக அப்படியே ஓட்டுகிறார்கள், நாலு பேரில் இரண்டு பேர் வேறு வேலையை விட்டுவிட்டார்கள்.

போன மாதம் ஒரு பாட்டுக்கு நாதஸ்வரம் வாசிக்க ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தார்கள். அவர் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். பாடுகிற பையன் கோடு போட்ட நோட்டைத் திறந்து, வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதியிருந்த பக்கத்தில் அவர் பெயரையும் சேர்த்து, "ஐயா, இடையில் வருகிற அந்த இடம் நீங்களே போட்டது, அதுக்கு உங்க பங்கு இது, சரியா பாருங்க" என்று நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை தம்பி என்றார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன், ரெக்கார்டிங் ஆரம்பித்தோம்.