பெங்களூரு கனகபுரா ரோட்டில் பாம்புச் சீசன்

ஜூன் 14, 2025, சனி

காலையில் பேஸ்மென்டில் ஒரே கூச்சல். பழைய சைக்கிள்களுக்குப் பின்னால் பாம்பு. செக்யூரிட்டி தடியோடு நிற்கிறார், சுற்றிலும் போனும் கையுமாக ஒரு கூட்டம். இஸ்திரி வண்டிக்கார அண்ணனுக்குத் திருவண்ணாமலைப் பக்கம். எட்டிப் பார்த்துவிட்டு, "சாரைங்க மேடம். எலிக்கு வந்திருக்கு. வழி விட்டா அதுவே போயிடும்" என்றார். ஆறடிக்குக் குறையாது. பெரிய கண், உதட்டோரம் வரிசையாகக் கறுப்புக் கோடுகள். விஷம் கிடையாது. கூட்டத்தை ராம்ப் பக்கமிருந்து விலக்கத்தான் நேரமானது. வழி கிடைத்ததும் சுவரோரமாக விறுவிறுவென்று போய்விட்டது.

ஜூன் 15, ஞாயிறு

அபார்ட்மென்ட் வாட்ஸப்பில் விசாரணைக் கமிஷன். "பிடித்து பன்னேர்கட்டா காட்டில் விட்டிருக்கலாமே?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாம்புக்குத் தன் வட்டாரத்தில் எந்தப் பொந்து, எங்கே இரை என்பதெல்லாம் அத்துப்படி. தெரியாத இடத்தில் விட்டால் அலைந்து திரிந்து வண்டியில் அடிபடும், இல்லையென்றால் வேறு யார் வீட்டிலாவது நுழையும். இங்கே எலி இருக்கும்வரை அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். நாளைக்கு வருவது நாகமாகவும் இருக்கலாம். எனக்குச் சாரையே தேவலை.

ஜூன் 18, புதன்

குப்பை அறைக் கதவு இன்றும் திறந்தே கிடந்தது. எலிகளுக்கு விருந்து.

ஜூன் 21, சனி

சொல்லி வாய் மூடவில்லை. மழைநீர்க் கால்வாய் மூடியருகே நாகக்குட்டி. ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், சுண்டுவிரல் பருமன், அதற்குள் படம் வேறு! குட்டிதானே என்று தொடக்கூடாது, முட்டையிலிருந்து வரும்போதே விஷம் உண்டு. இந்த மாதங்கள் நாகம் குஞ்சு பொரிக்கும் காலம்.

ஆள் வரும்வரை எல்லோரும் தள்ளி நின்று, அது எங்கே நகர்கிறது என்று மட்டும் பார்த்தோம். பிடிக்க வந்த பையன் கையால் தொடவே இல்லை. பைக்குள் ஒரு குழாயைச் செருகித் தரையில் வைத்தான். இருட்டைக் கண்டதும் குட்டி தானாகவே உள்ளே போனது. பாம்பைச் சீண்டிப் படம் விரிக்க வைத்து செல்ஃபி கொடுக்கும் வீரர்களைவிட இவன் எவ்வளவோ மேல். பக்கத்துப் புதரிலேயே விடப்போவதாகச் சொன்னான். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள்.

"கடிச்சா கயிறு கட்டணுமா ஆன்ட்டி?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். கட்டவும் கூடாது, கீறவும் கூடாது, வாயால் உறிஞ்சவும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுப்பது. கர்நாடகத்தில் 2024 முதல் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

அசோசியேஷன் கூட்டம். கால்வாய் மூடிகளுக்குச் சின்னக் கண் வலை, குப்பை அறைக்குத் தானாக மூடும் கதவு, இரண்டுக்கும் ஒப்புதல். பாம்பை விரட்டும் பொடியும் வாங்க வேண்டுமாம். அதற்கு மட்டும் என் காசு கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.